காளைக்கன்றை வீட்டிலேயே கறிக்கு வளர்க்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு வைத்திருக்கிறீர்கள். அது ஈன்ற காளைக்கன்றுக்கு இப்போது நான்கு மாதம். வியாபாரி சொல்லும் விலை உங்களுக்குக் கட்டவில்லை. வாரம் ஒருமுறை கடையில் மாட்டுக்கறி வாங்கும் குடும்பம் என்பதால், எந்த மாடு, என்ன நோய், என்ன மருந்து என்று தெரியாமல் வாங்கிச் சாப்பிடுவதைவிட இந்தக் கன்றையே இரண்டு ஆண்டுகள் வளர்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று யோசிக்கிறீர்கள். அமெரிக்கக் குடும்பங்கள் அப்படிச் செய்வதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறீர்கள். எவ்வளவு தீவனம், எத்தனை மாதம், எவ்வளவு கறி என்று கேட்டிருக்கிறீர்கள். கறி சுத்தமானதா என்ற கவலைதான் உண்மையில் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்திருக்கிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கால்நடை பராமரிப்புத் துறையில் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் கிராம மருந்தகங்கள்; இடையில் சில ஆண்டுகள் இறைச்சிக்கூடப் பரிசோதனை. மாடு வளர்ப்பு, நோய், கறி ஆகியவை பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டம் என் படிப்பு அல்ல. ஆனாலும் இந்த ஒரு சட்டத்தோடு வேலை நாள் முழுக்கப் பழகியிருக்கிறேன். மாட்டுக்கறி சாப்பிடலாமா கூடாதா என்ற பழைய சண்டைக்கு இந்தப் பதிலில் இடமில்லை. அது உங்கள் வீட்டு அடுப்பு.

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் தீவனத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். நான் கடைசி நாளிலிருந்து தொடங்கச் சொல்வேன். மாட்டை வளர்ப்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தை இல்லை. அதை யார், எங்கே, எந்த அனுமதியோடு அறுப்பது, அறுத்த கறியை எங்கே குளிர வைப்பது, எத்தனை பேர் எத்தனை நாளில் தின்று முடிப்பது என்பவற்றில்தான் திட்டம் விழுந்துவிடுகிறது. உங்கள் கன்றின் விஷயத்தில் முதல் படியிலேயே விழுகிறது.

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. காளை, எருது, பசு, கன்று, எல்லா வயது எருமைகளும் அதில் அடங்கும். உரிய அதிகாரி எழுத்தில் கொடுக்கும் சான்று இல்லாமல் இவற்றை அறுக்கக் கூடாது. அந்தச் சான்று எப்போது கிடைக்கும் என்றால், விலங்குக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகி, வேலைக்கும் இனவிருத்திக்கும் பயன்படாமல் போயிருக்க வேண்டும். அல்லது காயம், ஊனம், தீராத நோய் காரணமாக நிரந்தரமாகச் செயலிழந்திருக்க வேண்டும். அதற்கு மேல், பசுக்களையும் கிடாரிகளையும் இறைச்சிக்கூடங்களில் அறுப்பதற்கு 1976 ஆகஸ்டில் வந்த அரசாணை தடை போட்டது. ஆகவே கொழுகொழுவென்று வளர்ந்த இரண்டு வயதுக் காளை, சட்டத்தின் கண்ணில் அறுக்கத் தகுதியே இல்லாத விலங்கு. நன்றாக வளர்க்க வளர்க்கத் தகுதி குறைகிறது என்றுகூடச் சொல்லலாம். நேர்மையான எந்த மருத்துவரும் அதற்குச் சான்று தர முடியாது.

இந்த விதி ஏன் இப்படி இருக்கிறது என்பது 1958ஐ நினைத்தால் புரியும். உழவும் வண்டியும் எருதை நம்பியிருந்த காலம். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், பீகார் முதலான மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்கள் பற்றிய முகமது ஹனீப் குரேஷி வழக்கில், பசுக்களையும் கன்றுகளையும் அறுப்பதை முழுமையாகத் தடை செய்வது செல்லும், ஆனால் பயன் முடிந்த எருதுகளையும் காளைகளையும்கூட அறுக்கக் கூடாது என்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்றது. பயன் இருக்கும்வரை காப்பாற்று, முடிந்த பிறகு அனுமதி என்ற அளவுகோல்தான் நம் சட்டத்திலும் ஓடுகிறது. டிராக்டர் வந்து, சினை ஊசி வந்து, திமில் சரிந்த கலப்பினக் காளைக்கன்றுக்கு உழவிலும் வேலை இல்லை, இனவிருத்தியிலும் வேலை இல்லை என்றான பிறகும் அளவுகோல் மாறவில்லை. சட்டத்துக்கும் நடப்புக்கும் இடைவெளி இருப்பது ஊருக்கே தெரியும். சந்தையில் அடிமாடு என்று தரகர்கள் பிடிக்கும் மாடுகளின் பல்லைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். ஆனால் ஒரு வியாபாரியின் துணிச்சலை ஒரு குடும்பம் தன் கொல்லையில் செய்து பார்க்கக் கூடாது. வழக்கு என்று வந்தால் மாட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான்.

2017 மே மாதம் மாட்டிறைச்சிக்கே தடை வந்துவிட்டதே என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு. அப்போது மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுத்தன. ஒரு வாரத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. மாட்டுக்கறி வாங்குவதோ உண்பதோ தமிழ்நாட்டில் அன்றும் குற்றமில்லை, இன்றும் குற்றமில்லை. கட்டுப்பாடு அறுப்பதன் மீதுதான். உங்கள் உள்ளாட்சியில் அதற்கு மேல் என்ன விதி இருக்கிறது என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். நீங்கள் பார்த்த காணொளியில் இருப்பது பெரும்பாலும் ஆங்கஸ் அல்லது ஹியர்ஃபோர்டு இனத்தின் காயடித்த காளையாக இருக்கும். கறிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய உடம்பு. தானியம் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடி, ஒன்றரை வயதில் 550 முதல் 600 கிலோ வரை நிற்கும். உயிர் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சடல எடை கிடைக்கும். ஜெர்சி அப்படி அல்ல. தின்றதைப் பாலாக மாற்றப் பிறந்த இனம். எலும்பு மெல்லியது, சதை குறைவு, கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அதன் கலப்புக் காளைக்கன்று பிறக்கும்போது 20 முதல் 25 கிலோ. நம் வீட்டு வைக்கோலும் புல்லும் கொஞ்சம் தவிடும் போட்டால் ஒரு நாளைக்கு 300 கிராம் கூடும். பசுந்தீவனமும் அடர்தீவனமும் தாது உப்பும் தவறாமல் கொடுத்தால் 500 கிராமைத் தாண்டலாம். இந்தக் கூடுதல் கணக்கு ஒவ்வொரு கொட்டிலிலும் மாறும். குடற்புழு ஒன்றே பாதியாகக் குறைத்துவிடும். சாதாரணப் பராமரிப்பில் இரண்டு வயதில் 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை மேடை இல்லாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி டேப் வைத்து அங்குலத்தில் அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பின் இடுப்பு எலும்பு முனை வரை நீளத்தையும் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 272 கிலோ. பத்து விழுக்காடு முன்பின் இருக்கும். வியாபாரி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது இந்த எண் உங்கள் மனதில் இருப்பது நல்லது.

250 கிலோ மாட்டில் தோல், தலை, கால், குடல் போகச் சடலம் பாதி, அதாவது 125 கிலோ. எலும்பு நீக்கினால் 85 முதல் 90 கிலோ கறி. இதற்கு எவ்வளவு தீவனம்? மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று விழுக்காடு உலர் பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் தீவனம், தின்னும். பால் மறந்த மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை சராசரி எடை 150 கிலோ என்றால் ஒரு நாளைக்குச் சுமார் நான்கு கிலோ. மொத்தம் இரண்டரை டன். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், எல்லாவற்றையும் புல்லாகவே போட்டால் பன்னிரண்டு டன்னுக்கு மேல் அறுக்க வேண்டும். ஒரு கிலோ எலும்பில்லாக் கறிக்கு ஏறக்குறைய 29 கிலோ உலர் தீவனம் ஆகிறது. உங்கள் நிலத்து வைக்கோலும் கடலைக்கொடியும் வரப்புப் புல்லும் என்றால் அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. விலைக்கு வாங்கினால், கிலோ பத்து ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் கறி கிலோவுக்கு 290 ரூபாய் தீவனத்துக்கே போய்விடும். உழைப்பு, மருந்து, கொட்டில் எதையும் இதில் சேர்க்கவில்லை. கடைக் கறியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதிலும் விட்டுப்போன செலவு ஒன்று உண்டு: கன்று குடித்த பால். மூன்று மாதம், நாளைக்கு இரண்டரை லிட்டர் என்றால் 225 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 8,000 ரூபாய். பால் பண்ணைகளில் காளைக்கன்றுகள் ஏன் எலும்பும் தோலுமாக நிற்கின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். கிடாரிக்குக் கொடுக்கும் சீம்பாலைக்கூடக் காளைக்கன்றுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பிறந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்று, ஒரு நாள் கழித்து எவ்வளவு குடித்தாலும் அந்த எதிர்ப்புச் சக்தியைக் குடல் வழியே எடுத்துக்கொள்ளாது. அது கழிச்சலில் போகிறது, அல்லது போகாமல் நோஞ்சானாக நிற்கிறது. பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தினால் பத்துக்கு ஒன்பது கிடாரியாகப் பிறக்கும். உங்கள் பசுவுக்கு அடுத்த சினை ஊசி போடும்போது மருந்தகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி மறுமுறை எழுவது அரிது.

இப்போது கடைசி நாள். சட்டம் அனுமதிக்கும் ஒரு நாட்டில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விலங்கை அறுப்பதற்கு முன் தண்ணீர் மட்டும் கொடுத்து, தீவனம் நிறுத்தி, குறைந்தது அரை நாள் அமைதியாகக் கட்டிவைக்க வேண்டும். மிரண்டு ஓடிய மாட்டின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துவிடும். கறி கறுத்து, ஒட்டி, சீக்கிரம் கெடும். அமைதியாக இறந்த மாட்டின் தசை, ஒரு நாளுக்குள் தானே கொஞ்சம் புளிப்பேறி விறைத்து, பிறகு தளரும். மாட்டுக்கறி பதமாவதற்கு அந்தத் தளர்ச்சி வேண்டும். அதற்காகத்தான் அங்கெல்லாம் உறைநிலையை ஒட்டிய குளிரில் பத்துப் பதினைந்து நாள் தொங்கவிடுகிறார்கள். காணொளிக் குடும்பம் அதைத் தன் வீட்டில் செய்வதில்லை. சொந்த உபயோகத்துக்கு மட்டும் அறுத்துக் கொடுக்கும் கூடங்கள் அங்கே உண்டு. விற்பனைக்கு அல்ல என்று பொட்டலத்தில் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். படத்தில் வருவது கன்றும் உறைபெட்டியும்தான். நடுவில் இருக்கும் அந்தக் குளிர்க்கூடம் வருவதில்லை.

நம் ஊர் சித்திரை வெயிலில் 125 கிலோ சடலம் என்ன ஆகும்? கனத்த தொடைச் சதையின் உள்ளே சூடு இறங்க மணிக்கணக்காகும். எலும்பை ஒட்டிய இடம் அதற்குள் நாறத் தொடங்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் பத்துக் கிலோ வைப்பதே பெரிது. 90 கிலோவுக்கு 150 லிட்டருக்கு மேல் கொள்ளும் தனி உறைபெட்டி வேண்டும். அதிலும் வெதுவெதுப்பான கறியை ஒரே நேரத்தில் திணித்தால் நடுவில் இருப்பது உறைவதற்குள் கெட்டுவிடும். மின்சாரம் நின்றால் கணக்கே வேறு.

நம் ஊரில் இதற்கு இரண்டு விடைகள் வைத்திருந்தார்கள். ஒன்று கூறு போடுவது: விடியலில் அறுத்து, சம கூறுகளாகப் பிரித்து, மத்தியானத்துக்குள் நாற்பது வீட்டு அடுப்பில் ஏற்றிவிடுவது. மற்றொன்று உப்புக்கண்டம்: விரல் தடிமனுக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பது. கறி கெடுவதைவிட வேகமாக வெயில் தண்ணீரை எடுத்துவிட வேண்டும் என்பதால், மழைக்காலத்தில் அது ஈயும் புழுவும்தான் ஆகும். இரண்டுமே நல்ல வழிகள். ஆனால் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுக் கறியைத் தானே சேர்த்து வைத்துத் தின்பதற்கு அவை உதவா.

கறியின் சுத்தம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். வீட்டு மாடு என்பதால் நோயில்லை என்று ஆகாது. இறைச்சிக்கூடத்தில் நாங்கள் தாடைச் சதை, நாக்கு, இதயம் ஆகியவற்றைக் கீறிப் பார்ப்போம். நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மனிதர் திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடத்தில் மேய்ந்த மாட்டுக்கு அவை வரும், அது யார் வீட்டு மாடாக இருந்தாலும். நுரையீரலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகளில் காசநோய் முடிச்சுகள் இருக்கின்றனவா, ஈரலில் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்ப்போம். வெளியே பளபளவென்று இருந்த மாட்டின் உள்ளே இவற்றைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். உங்கள் கொல்லையில் அந்தக் கண் இருக்காது. மொத்தத்தில், முத்திரை குத்திய இறைச்சிக்கூடத்துக் கறிதான் உங்கள் கவலைக்கு நெருக்கமான விடை. கடைக்காரரிடம் எங்கே அறுத்தது என்று கேளுங்கள்; சொல்லத் தயங்கினால் கடையை மாற்றுங்கள். நன்றாக வேக வைத்தால் நீர்க்கட்டி சாகும். நம் குழம்பு வேகும் வேகத்துக்கு அது நிற்காது. பாதி வெந்த துண்டு கேட்கும் புதுப் பழக்கம்தான் எனக்குப் பயம்.

ஒன்றை மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன். நேற்று நன்றாக இருந்து இன்று திடீரென்று செத்துக் கிடக்கும் மாட்டையோ ஆட்டையோ எந்தக் காரணத்துக்காகவும் அறுக்காதீர்கள், தோலும் உரிக்காதீர்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்றே கொள்ள வேண்டும். அந்தக் கிருமி காற்றுப் பட்டால் விதைபோல் உறைந்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பகுதியில் அது புதிய நோயும் அல்ல. பக்கத்து இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் இதற்கும் தடுப்பூசி தயாரிக்கிறார்கள்.

மருந்து எச்சம் பற்றிய பயம் நியாயமானது. இதில்தான் வீட்டில் வளர்ப்பவருக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது, கணக்கு எழுதி வைத்தால். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசி ஊசிக்குப் பிறகு கறிக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று ஒரு காலம் உண்டு. பல நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசிக்கு நான்கு வாரம், ஐவர்மெக்டின் ஊசிக்கு ஐந்து வாரம் என்பது பொதுவான அளவு. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் குப்பியின் மேல் இருப்பதே முடிவு. வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்ளோஃபினாக் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006லேயே கால்நடைகளுக்கு அது தடை. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் போதும்.

சரி, சொந்தமாக வளர்த்த கறி வேண்டும் என்ற ஆசைக்கு என்ன வழி? இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்குட்டிகளை வாங்குங்கள். ஒரு வீட்டின் அளவுக்குப் பொருந்திய விலங்கு அதுதான், சட்டியின் அளவுக்கு வாங்கிய மூடிபோல. மேலே சொன்ன 1958 சட்டம் ஆட்டைத் தொடவில்லை. நகர எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்ற விதி ஆட்டுக்கும் உண்டு. பால் மறந்த, மூன்று நான்கு மாதம் ஆன, எட்டுப் பத்துக் கிலோ குட்டியாகப் பாருங்கள். ஒன்றே ஒன்று வேண்டாம். தனி ஆடு கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் எடுக்காது. ஒரு வயதில் 22 முதல் 25 கிலோ நிற்கும். சடலம் பத்து, பதினொரு கிலோ. தலை, கால், குடல், ஈரல், இரத்தம் தனி. காலையில் அறுத்தால் உறவுக்காரர் மூன்று வீடு சேர்ந்து மறுநாளுக்குள் முடித்துவிடலாம். உறைபெட்டி வேண்டாம், தொங்கவிட வேண்டாம். கோவிலுக்கு நேர்ந்து விட்ட கிடாயை ஓர் ஆண்டு வீட்டில் வளர்க்கும் வழக்கம் உங்கள் பக்கம் இருக்குமே. அதன் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லாப் பாட்டிமார்களுக்கும் தெரியும்.

ஆடு மேய்வதைவிடக் கொறிக்கும் விலங்கு. அகத்தி, வேம்பு, ஆல், கல்யாண முருங்கை, வேலிமசால் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிலோ தழை, கொஞ்சம் கடலைக்கொடி, ஒரு கை அடர்தீவனம். சூபாபுல் நல்ல தழை. ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். மரவள்ளி இலையும் வாடிய இளஞ்சோளப் பயிரும் ஆட்டை நிமிடக் கணக்கில் கொல்லக்கூடியவை. விருந்தில் மீந்த சோற்றைக் குண்டானோடு வைக்கும் பழக்கம் அதைவிட மோசம். முதல் வயிற்றில் சோறு ஒரேயடியாகப் புளித்து அமிலமாகும்; ஆடு, மாடு இரண்டுக்கும் இது பொருந்தும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிராம மருந்தகத்தில் இருந்த எந்த மருத்துவரைக் கேட்டாலும், அன்பினால் செத்த மாடுகளின் கதைகளைச் சொல்வார்.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை நான்காவது மாதத்தில் ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி மழை தொடங்கும் முன் ஆண்டுதோறும். குடற்புழு மருந்தைக் கண்மூடித்தனமாக மாதாமாதம் ஊற்ற வேண்டாம்; புழுக்கை கொண்டுவந்து காட்டினால் மருந்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள். கிடா வாடை பிடிக்காதவர்கள் மூன்று நான்கு மாதத்தில் விதையடித்துவிடுவது நல்லது. வளர்ச்சி சிறிது மெதுவாகும். கறி மென்மையாக இருக்கும், கிடாவும் வேலி தாண்டாது. அறுக்கும் நாளில் ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகளைக் கண்டால் அந்த உறுப்பை வேக வைத்தோ எரித்தோ அழியுங்கள். தெருநாய்க்கு வீசாதீர்கள். அந்தக் கட்டி நாயின் குடலில் புழுவாகி, அதன் முட்டை உங்கள் பிள்ளையின் கைக்கு வந்து, பல ஆண்டு கழித்து அறுவை மேசையில் முடியும் நோய் அது.

இனி, இருக்கிற கன்று. அதை விற்பதா வைத்துக்கொள்வதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் எவ்வளவு இலவசத் தீவனம் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்த விஷயம். காங்கேயமோ உம்பளச்சேரியோ போன்ற நாட்டு இனம் என்றால் வளர்த்து எருதாக விற்க ஆளிருக்கும்; ஜெர்சிக் கலப்புக்கு அந்தச் சந்தை இல்லை. வைக்கோல் மிஞ்சுகிறதென்றால் ஓர் ஆண்டு வைத்திருந்து, எடை ஏறியபின் டேப் அளவோடு விலை பேசுங்கள். வைத்திருக்கும்வரை நான்கு மாதக் கன்றுக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இந்த வாரமே சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்குங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. அப்போதே காதில் பன்னிரண்டு இலக்க வில்லையும் மாட்டிவிடுவார்கள். அது இல்லாமல் பின்னாளில் எந்தச் சான்றுக்கும் இழுபறிதான். கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி கிடாரிகளுக்கு மட்டும், உங்கள் கன்றுக்குப் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் ஆனதும் மருத்துவரைக் கொண்டு இடுக்கி முறையில் காயடித்துவிடுங்கள். ஜெர்சிக் காளையின் குணத்தை நம்பிச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டிவைக்க முடியாது.